எந்த உடலோடு எழுவோம்?
(நவம்பர் மாத வானொலி மறையுரை)



நவம்பர் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்களுக்கும் ஒரு திருநாள் வந்துவிடுகிறது. புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, தந்தை வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை குடும்பம் குடும்பமாக அங்கே நிற்கிறோம். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சு நாட்டின் குளூனி மடத்துத் தலைவராக இருந்த புனித ஓதிலோ, தம் பொறுப்பிலிருந்த மடங்கள் எல்லாம் நவம்பர் 2-ஆம் நாளில் இறந்த நம்பிக்கையாளர் அனைவருக்காகவும் செபிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்த வழக்கம் மெல்ல மெல்ல முழுத் திருஅவைக்கும் பரவியது. இன்று நாம் கல்லறைத் திருநாள் என்று கொண்டாடுவது அதைத்தான்.

ஆனால் அந்தக் கல்லறையின் அருகில் நின்று நாம் எதை நம்புகிறோம்? இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், துக்க வீடுகளில் பங்குத்தந்தையரிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் மேலோட்டமானவை அல்ல. “கடலில் போன என் மகனின் உடல் கிடைக்கவே இல்லை. கல்லறையே இல்லாதவனுக்கு உயிர்ப்பு உண்டா, சாமி?” என்று ஒரு தாய் கேட்பார். “வெளிநாட்டில் இறந்த அண்ணனை அங்கேயே எரித்துவிட்டார்கள், அது பாவமா?” என்று ஒருவர் கேட்பார். “ஆன்மாதான் மேலே போய்விட்டதே, இந்த உடலில் இனி என்ன இருக்கிறது?” என்று இன்னொருவர் கேட்பார். மூன்றும் உண்மையில் ஒரே கேள்விதான். கடவுள் நம் உடலை என்ன செய்யப் போகிறார்?

நம்பிக்கை அறிக்கையில் நாம் ஞாயிறுதோறும் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பெரியவர்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்த பழைய மந்திரத்தில் “சரீர உத்தானம்” என்ற சொல் வரும். இன்று “உடலின் உயிர்ப்பு” என்கிறோம். சொல் மாறினாலும் பொருள் ஒன்றே. ‘ஆன்மா அழியாது’ என்பதோடு நம் நம்பிக்கை நின்றுவிடுவதில்லை. அந்த அளவுக்குக் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கிரேக்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாம் அதற்கும் மேலே ஒரு படி செல்கிறோம். கடவுள் படைத்த முழு மனிதரையும், உடலோடும் ஆன்மாவோடும், அவர் எழுப்புவார் என்கிறோம்.

கொரிந்தில் எழுந்த கேள்வி

அன்பார்ந்தவர்களே, இந்த ஐயம் இன்று நேற்று வந்ததல்ல. புனித பவுலின் காலத்திலேயே கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களிடம் இது எழுந்தது. கொரிந்து கிரேக்க நாட்டின் துறைமுக நகரம். உரோமையர் கி.மு. 146-இல் அதை அழித்தார்கள். கி.மு. 44-இல் யூலியு சீசர் அதை மறுபடியும் குடியேற்ற நகரமாக உருவாக்கினார். இருபுறமும் துறைமுகம், நாலாதிசை வணிகர், பல மொழி, பல வழிபாடு, பணக்காரர், அடிமைகள் என எல்லாம் கலந்த ஊர் அது. பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கி ஒரு திருச்சபையைக் கட்டியெழுப்பினார். சில ஆண்டுகள் கழித்து அவர் எபேசு நகரில் இருந்தபோது, கொரிந்திலிருந்து கவலை தரும் செய்திகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக அவர் எழுதியதே கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம்.

அந்தத் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரம் முழுவதும், 58 வசனங்களும், உயிர்ப்பைப் பற்றியவை. “இறந்தோர் உயிர்த்தெழுவதில்லை” என்று அந்தச் சபையில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கவனியுங்கள், அவர்கள் இயேசு உயிர்த்ததை மறுக்கவில்லை. நம் உடல் உயிர்க்கும் என்பதைத்தான் மறுத்தார்கள். கிரேக்கப் பண்பாட்டில் வளர்ந்த பலருக்கு உடல் என்பது ஒரு சுமை. செத்தால் விடுதலை என்று இருப்பவரிடம், ‘அந்த உடலே மீண்டும் எழும்’ என்றால் அது நற்செய்தியாகவா இருக்கும்? ஏதென்சு நகரின் அரயோப்பாகு மன்றத்தில் பவுல் பேசியபோதும் இறந்தோரின் உயிர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் சிரித்ததாகத் திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

பவுல் அவர்களுக்குச் சொன்ன பதில் நேரடியானது. இறந்தோர் உயிர்ப்பதில்லை என்றால், கிறிஸ்துவும் உயிர்க்கவில்லை. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால், நான் பறைசாற்றியதும் வீண், நீங்கள் நம்பியதும் வீண். அவரது உயிர்ப்பையும் நம் உயிர்ப்பையும் பிரிக்க முடியாது. இதை விளக்க ‘முதற்கனி’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். யூத மக்கள் அறுவடையின் முதல் கதிர்க்கட்டைக் கொண்டுவந்து ஆண்டவருக்குப் படைப்பார்கள். முதல் கட்டு வந்துவிட்டது என்றால், வயலில் மீதிக் கதிர்கள் அறுவடைக்காக நிற்கின்றன என்று பொருள். கிறிஸ்து முதல் கட்டு. நாம் அந்த வயலின் மீதிக் கதிர்கள். நம் ஊர்களில் புது நெல்லைப் பொங்கலுக்கு ஆலயத்தில் கொண்டுவந்து மந்திரிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விதையும் கதிரும்

அடுத்து பவுல், ‘எத்தகைய உடலோடு வருவார்கள்?’ என்ற கேள்வியை எடுக்கிறார். கேட்டவரைச் சற்றுக் கடிந்துகொண்டே, ஒரு கோதுமை மணியைக் காட்டுகிறார். நாம் விதைப்பது முளைக்கப்போகும் பயிரை அல்ல, வெறும் மணியை. அந்த மணி மண்ணுக்குள் மடிகிறது. கடவுள் அதற்குத் தாம் விரும்பியபடி ஓர் உடலைத் தருகிறார்.

இந்த உவமையில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒன்று, தொடர்ச்சி. கோதுமையை விதைத்தால் கேழ்வரகு முளைக்காது. புதைத்தவர் ஒருவர், எழுகிறவர் வேறொருவர் என்பதில்லை. மற்றொன்று, மாற்றம். விதை நெல்லை மட்டுமே பார்த்த ஒருவரிடம் பச்சை வயலைப் பற்றிச் சொன்னால் அவரால் கற்பனைகூடச் செய்ய முடியாது. நம் இன்றைய உடலுக்கும் உயிர்ப்பின் உடலுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது.

உயிர்த்த இயேசுவிடம் இந்த இரண்டையும் காண்கிறோம். அவர் கைகளில் ஆணிகளின் தழும்பு இருந்தது. தோமா அதைக் கண்டார். சீடர்கள் முன் மீன் துண்டை வாங்கி உண்டார். சிலுவையில் தொங்கிய அதே இயேசு. ஆனால் மகதலா மரியா முதலில் அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தார். எம்மாவு வழியில் இருவர் அவரோடு நடந்தும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கதவுகள் பூட்டியிருக்க அவர் நடுவில் வந்து நின்றார். அவரேதான், ஆனால் சாவு இனி அவரை ஆள முடியாது.

ஆகவே உயிர்ப்பை இரண்டு வேறு எண்ணங்களோடு நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாசருக்கும், நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனுக்கும், யாயிரின் மகளுக்கும் கிடைத்தது பழைய வாழ்வுதான். அவர்கள் மறுபடியும் முதுமையடைந்து இறக்க வேண்டியவர்கள். இயேசுவோ இனி இறப்பதில்லை. அதுபோலவே உயிர்ப்பு என்பது மறுபிறவியும் அல்ல. நம் அண்டை வீட்டார் பலர் மறுபிறவியை நம்புகிறார்கள். அவர்களை மதிக்கிறோம். ஆனால் நம் நம்பிக்கை வேறு. மனிதர் ஒருமுறைதான் இறக்கிறார் என்று எபிரேயர் திருமுகம் 9-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. நம் உடல் ஆன்மா மாற்றிக்கொள்ளும் சட்டை அல்ல. உங்கள் தாயை நீங்கள் அறிந்தது அவருடைய கைகளால், குரலால், முகத்தால். கடவுள் எழுப்பப்போவது அந்தத் தாயைத்தான்.

பவுல் இன்னொரு சொல்லையும் சொல்கிறார். விதைக்கப்படுவது இயல்பான உடல், எழுவது ஆவிக்குரிய உடல் என்கிறார். இதைக் கேட்டதும் பலர், ‘ஆவியால் ஆன உடல் போலும், புகைபோல, நிழல்போல’ என்று நினைக்கிறார்கள். அது தவறான புரிதல். ஒரு படகை எண்ணிப் பாருங்கள். துடுப்புப் போடும்போது அது மனிதனின் கைவலுவால் நகர்கிறது. கை ஓய்ந்தால் படகும் நின்றுவிடும். அதே படகில் பாய் கட்டினால் காற்று அதைக் கொண்டுபோகிறது. பாய்மரப் படகு என்பதால் அது காற்றால் செய்த படகா? இல்லை. படகு மரம்தான். அதை இயக்கும் ஆற்றல்தான் வேறு. பவுல் எழுதிய கிரேக்க மொழியில் ஆவிக்கும் காற்றுக்கும் மூச்சுக்கும் ஒரே சொல்தான். இன்று நம் உடல் தன் சொந்த மூச்சின் வலுவில் இயங்குகிறது, அதனால் ஓய்ந்துபோகிறது. அன்று தூய ஆவியாரே அதை இயக்குவார், அதனால் ஓயாது. ஆவிக்குரிய உடல் என்பதன் பொருள் இதுவே.

கல்லறை இல்லாதவர்களுக்கு

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது நம் கடற்கரைகளில் எத்தனையோ பேரை அடையாளம் தெரியாமலே ஒரே குழியில் அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பி வரவே இல்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. நவம்பர் மாதம் அந்த வீடுகளுக்கு இரட்டிப்புத் துயரம். ஊரே கல்லறைக்குப் போகும்போது அவர்களுக்குப் போக இடமில்லை.

அவர்களுக்குத் திருஅவை சொல்லும் ஆறுதல், தொடக்கக் காலத் திருஅவை கண்ணீரோடு கற்றுக்கொண்ட ஆறுதல். கி.பி. 177-இல், இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பெரும் வேதகலாபனை நடந்தது. 90 வயதைக் கடந்த ஆயர் பொத்தீனு அடித்துத் துன்புறுத்தப்பட்டுச் சிறையில் இறந்தார். பிளாந்தினா என்ற அடிமைப் பெண் விலங்குகள் முன் எறியப்பட்டார். கொன்றதோடு பகைவர் நிற்கவில்லை. மறைச்சாட்சிகளின் உடல்களை 6 நாள்கள் வெட்டவெளியில் போட்டுவைத்து, பின்பு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? ‘உயிர்ப்பு உண்டு என்றுதானே இவர்கள் சாவுக்கு அஞ்சாமல் இருக்கிறார்கள், எலும்புகூட மிஞ்சாவிட்டால் இவர்கள் எப்படி உயிர்ப்பார்கள் பார்ப்போம்’ என்பதே அவர்கள் எண்ணம். அந்தச் சபை மற்ற சபைகளுக்கு எழுதிய மடலில் இது பதிவாகியிருக்கிறது. வரலாற்றாசிரியர் யூசேபியு அதை நமக்குக் காத்துத் தந்திருக்கிறார்.

அந்தச் சாம்பலோடு லியோன் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை கரைந்துபோனதா? இல்லை. பொத்தீனுவுக்குப் பின் ஆயரான புனித இரேனியுதான் உடலின் உயிர்ப்பைப் பற்றி மிகத் தெளிவாக எழுதிய தொடக்கக் காலத் தந்தையருள் ஒருவர். தம் மக்களின் சாம்பல் ஆற்றில் போனதை அறிந்தவர் அவர். இல்லாமையிலிருந்து மனிதரைப் படைத்த கடவுளுக்கு, ஒருமுறை இருந்தவரை மீண்டும் எழுப்புவது எப்படிக் கடினமாகும் என்பது அவருடைய வாதம்.

யோவானின் திருவெளிப்பாட்டு நூல் 20-ஆம் அதிகாரத்தில், இறுதி நாளில் கடலும் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைப்பதை யோவான் காட்சியில் காண்கிறார். கடல் தன்னிடம் உள்ளவர்களை வைத்துக்கொள்ள முடியாது. மகனைக் கடலுக்குக் கொடுத்த அன்னையே, அவர் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம். கடவுளுக்குத் தெரியும். உயிர்ப்பு என்பது எலும்பு மிஞ்சியிருப்பதைப் பொறுத்தது அல்ல. கடவுள் தம் பிள்ளைகளை மறக்காதவர் என்பதைப் பொறுத்தது.

புனித மோனிக்காவும் இதை அறிந்திருந்தார். தம் கணவரின் கல்லறை அருகிலேயே தமக்கும் இடம் வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தவர் அவர். ஆனால் 387-இல், ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், இத்தாலியின் ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றபோது, தம் உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யலாம் என்றார். தம் மகன்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார். எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அது. ஊரைவிட்டு இவ்வளவு தொலைவில் புதைக்கப்பட அஞ்சவில்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்குத் தொலைவு என்று ஒன்றும் இல்லை, எங்கிருந்து எழுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்ற பொருளில் பதில் சொன்னார். புனித அகுஸ்தீனார் தம் நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார். வளைகுடா நாடுகளிலும் வேறு ஊர்களிலும் உறவினரை அடக்கம் செய்துவிட்டு ஏங்கும் குடும்பங்கள் மோனிக்காவின் இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடக்கமா, எரிப்பதா?

எரிப்பதைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திருஅவை அடக்கம் செய்வதையே பரிந்துரைக்கிறது. ஆண்டவர் இயேசு அடக்கம் செய்யப்பட்டார், விதைபோல் உடல் மண்ணில் வைக்கப்படுவது நம் நம்பிக்கையை நன்றாக வெளிக்காட்டுகிறது. ஆனால் 1963 முதல், கிறிஸ்தவ நம்பிக்கையை மறுக்கும் நோக்கம் இல்லாதவரை, உடலை எரிப்பதற்குத் தடையில்லை. 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை, சாம்பலைக் கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்றும், காற்றிலோ நீரிலோ தூவக் கூடாது, பங்கிட்டுக்கொள்ளக் கூடாது, பொதுவாக வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2023 டிசம்பரில் வந்த விளக்கம், தக்க காரணம் இருந்தால் ஒரு சிறு பகுதியை இறந்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் வைப்பதைத் திருஅவை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆகவே சூழ்நிலையால் எரிக்க நேர்ந்தவர்கள் குற்ற உணர்வோடு வாட வேண்டாம். அந்தச் சாம்பலை மரியாதையோடு கல்லறைத் தோட்டத்தில் சேர்த்து, பங்குத்தந்தையிடம் செபிக்கச் சொல்லுங்கள்.

சரி, இறுதி நாள் வரை இறந்தவர்களின் நிலை என்ன? அவர்களுடைய ஆன்மா கடவுளின் கைகளில் இருக்கிறது. தூய்மையாக வேண்டியவர்களைக் கடவுளின் அன்பு தூய்மையாக்குகிறது. அதற்கு நம் செபம் உதவுகிறது. போரில் இறந்த தம் வீரர்களுக்காக யூதா மக்கபே காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் எழுவார்கள் என்று நம்பியிராவிட்டால் அந்தச் செபமே வீணாகியிருக்கும் என்றும் அந்நூல் சொல்கிறது. நாம் ஒப்புக்கொடுக்கும் இறந்தோர் திருப்பலியின் பொருளும் இதுவே.

இன்றே தொடங்கிய மாற்றம்

அன்பார்ந்தவர்களே, உயிர்ப்பு என்றதும் நாம் உலக முடிவைத்தான் நினைக்கிறோம். ஆனால் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகம் 6-ஆம் அதிகாரத்தில், நாம் திருமுழுக்கிலேயே கிறிஸ்துவோடு புதைக்கப்பட்டோம், புதுவாழ்வு நடத்தவே எழுந்தோம் என்கிறார். விதை எப்போது மாறத் தொடங்குகிறது? கதிர் வெளியே தெரியும் நாளில் அல்ல. ஈரம் பட்ட அன்றே உள்ளே மாற்றம் தொடங்கிவிட்டது. நம்மீது அந்த ஈரம் பட்டது திருமுழுக்குத் தொட்டியில். அதனால்தான் அடக்கத் திருப்பலியில் பெட்டியின் அருகே பாஸ்கா திரியை வைக்கிறோம். உடலின்மேல் தீர்த்தம் தெளிக்கிறோம். தூபம் காட்டுகிறோம். வெறும் பிணத்துக்கு யாராவது தூபம் காட்டுவார்களா? தூய ஆவியார் குடியிருந்த ஆலயத்துக்குத்தான் காட்டுகிறோம்.

நற்கருணையும் அப்படியே. அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியார், மறைச்சாட்சியாக இறக்க உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் எபேசு சபைக்கு எழுதிய மடலில் நற்கருணையைச் சாவாமைக்கான மருந்து என்ற பொருளில் குறிப்பிடுகிறார். ‘சாவா மருந்து’ என்பது தமிழருக்குத் தெரிந்த சொல்தான். ஆண்டவரின் உடலை உண்டு வளரும் நம் உடல் அழிவுக்கு மட்டுமே உரியது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று இரேனியுவும் கேட்கிறார். ஞாயிறுதோறும் நம் கையில் வைக்கப்படும் அப்பம் நம் உயிர்ப்பின் அச்சாரம்.

வயதானவர்களே, நோயாளிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே நம் உடல் தேய்ந்துகொண்டே போனாலும் உள்ளே நாளுக்கு நாள் புதுப்பிக்கப்படுகிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் சொல்கிறார். நடக்க முடியவில்லை, பார்வை மங்குகிறது, யாருக்கும் பயனில்லை என்று எண்ண வேண்டாம். விதை மண்ணுக்குள் இருக்கும் காலமும் வளர்ச்சியின் காலம்தான்.

உடலை மதியாதவர் உயிர்ப்பை நம்புவாரா?

கொரிந்துக்கு மறுபடியும் வருவோம். உடலின் உயிர்ப்பை நம்பாதவர்கள் இருந்த அந்தச் சபையில் வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். உடலால் எது செய்தாலும் குற்றமில்லை என்று சிலர் விலைமாதரிடம் சென்றார்கள். ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியபோது பணக்காரர் குடித்து வெறித்திருக்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள். 6-ஆம் அதிகாரத்திலும் 11-ஆம் அதிகாரத்திலும் பவுல் இவற்றைக் கண்டிக்கிறார். பிறகுதான் 15-ஆம் அதிகாரத்தில் உயிர்ப்பைப் பற்றிப் பேசுகிறார். இவை தனித்தனிச் செய்திகள் அல்ல. உடல் குப்பைக்குப் போகும் பொருள் என்று நினைப்பவர், தன் உடலையும் அடுத்தவர் உடலையும் குப்பையாகவே நடத்துவார்.

ஆகவே நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். குடித்துக் குடித்து உடலை அழிப்பவர் ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்று சொல்லும்போது எதை நம்புகிறார்? மனைவியை அடிக்கும் கை, கடவுள் எழுப்பப்போகும் உடலை அல்லவா அடிக்கிறது? மாறாக, படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டி, புண்ணைத் துடைத்து, உணவு ஊட்டும் மருமகளை நான் பல வீடுகளில் காண்கிறேன். அவர் அறிந்தோ அறியாமலோ உயிர்ப்பின் நம்பிக்கையைத்தான் அறிக்கையிடுகிறார்.

இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. தமிழகத்தில் சில ஊர்களில் இன்றும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சில இடங்களில் ஒரே தோட்டத்தின் நடுவே சுவர் இருக்கிறது. ஒரே திருமுழுக்குத் தண்ணீர், ஒரே அப்பம், ஒரே நம்பிக்கை அறிக்கை. செத்த பிறகு மட்டும் சுவரா? இறுதி நாளில் எக்காளம் முழங்கும்போது அந்தச் சுவரின் எந்தப் பக்கத்திலிருந்து யாரை எழுப்ப வேண்டும் என்று ஆண்டவர் சாதிச் சான்றிதழ் கேட்கப்போகிறாரா? கல்லறையில் சுவர் வைத்திருக்கும் ஊர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைத் திருநாள் கொண்டாடுவதில் பொருள் இல்லை. உயிர்ப்பை நம்புகிறவர்கள் முதலில் அந்தச் சுவரை இடிக்கட்டும். அது கடினம் என்று எனக்குத் தெரியும். பங்குப் பேரவைகளில் இதைப் பேச எடுத்தால் கூட்டமே கலைந்துபோகலாம். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

பவுல் அந்தப் பெரிய அதிகாரத்தை எப்படி முடிக்கிறார் தெரியுமா? ‘ஆகவே எல்லாரும் வானத்தைப் பார்த்துக் காத்திருங்கள்’ என்று முடிக்கவில்லை. உறுதியாய் நில்லுங்கள், ஆண்டவரின் பணியில் இன்னும் அதிகமாக ஈடுபடுங்கள், உங்கள் உழைப்பு வீண்போகாது என்ற கருத்தோடு முடிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வரியிலேயே எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். உயிர்ப்பை நம்பும் சபைக்கு அடுத்த வேலை ஏழைக்கு உதவுவது.

அழலாம், நம்பிக்கையோடு அழலாம்

இறுதியாக, அழுகையைப் பற்றி. ‘உயிர்ப்பை நம்புகிறவர் அழக் கூடாது’ என்று சிலர் சொல்கிறார்கள். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியபோது, எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல் துயருறாதீர்கள் என்ற பொருளில்தான் எழுதினார். அழவே கூடாது என்று எழுதவில்லை. லாசரை எழுப்பப்போவது தாமே என்று அறிந்திருந்தும் இயேசு அவருடைய கல்லறை அருகே கண்ணீர் விட்டார். நம் வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவதும் அன்பின் மொழிதான். அழுங்கள். ஆனால் முடிந்துபோனதற்காக அல்ல, பிரிவுக்காக அழுங்கள்.

தமிழில் ‘துஞ்சுதல்’ என்ற பழஞ்சொல்லுக்கு உறங்குதல் என்றும் இறத்தல் என்றும் இரு பொருள் உண்டு. சங்க காலத்துப் பாண்டியன் ஒருவனை ‘இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்’ என்றே குறித்தார்கள். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களும் தங்கள் கல்லறைத் தோட்டத்தைக் கிரேக்க மொழியில் உறங்கும் இடம் என்றே அழைத்தார்கள். உறங்குகிறவரை எழுப்ப ஒருவர் இருக்கிறார் என்று அவர்கள் நம்பினார்கள்.

ஆகவே இந்த மாதத்தில் மூன்று காரியங்கள் செய்வோம். நம் இறந்தோரின் பெயர்களைத் திருப்பலியில் ஒப்புக்கொடுப்போம். பார்க்க ஆளில்லாத ஒரு கல்லறையையேனும் துப்புரவு செய்து ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். கல்லறை இல்லாதவர்களின் வீட்டுக்குச் சென்று அவர்களோடு அமர்ந்து ஒரு செபமாலை சொல்வோம்.

அன்பின் இறைவா, கல்லறையின் கல்லைப் புரட்டிய உம் வல்லமையை நாங்கள் நம்புகிறோம். மண்ணிலும் கடலிலும் சாம்பலிலும் உறங்கும் எங்கள் அன்புக்குரியவர்களை உம் கையில் ஒப்படைக்கிறோம். உம் ஆவியாரால் எங்களை இன்றே மாற்றத் தொடங்கியருளும். எங்கள் உடலையும் பிறர் உடலையும் உம் ஆலயமாக மதிக்கக் கற்றுத்தாரும். உயிர்த்த உம் திருமகன் இயேசு கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.